சிரிப்பவர் யார், அழுபவர் யார்?

 

புகழ் யாவும் அல்லாஹுதஆலாவுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

மஃரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை ஓதுவதற்கு அழைத்து வரும் தாய்மார்கள் சில காலமாக ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். "என் மகனுக்கு ஆறு வயது. கைப்பேசியில் யாரோ விளையாடும் விளையாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள், பயமுறுத்துகிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். இதைப் பார்க்க விடலாமா, கூடாதா?" என்பதே அக்கேள்வி. ஒரு வார்த்தையில் விடை சொல்லிவிடும்படி அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடை இதற்கு இல்லை. ஆனால் சீர்தூக்கிப் பார்க்கும் தராசு நம் மார்க்கத்தில் இருக்கிறது. அந்தத் தராசை உங்கள் கையில் கொடுப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறர் வீட்டுக் குறையைப் பேசுவதைவிட அது நல்லது.

என் மகள் வழிப் பேரனுக்கு ஆறு வயது. அவன் தங்கைக்கு நான்கு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அந்தச் சிறுமி மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டினாள். கதவு, சன்னல், மேலே ஒரு மினாரா எல்லாம் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கட்டினாள். அண்ணன் வந்தான். "கண்ணை மூடிக்கோ, உனக்கு ஒரு மிட்டாய் தர்றேன்" என்றான். அவளும் நம்பிக் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். அவன் வீட்டை ஒரே மிதியாக மிதித்து நொறுக்கினான். அவள் கண்ணைத் திறந்து பார்த்து வீறிட்டு அழுதாள். அவனோ கைகொட்டிச் சிரித்தான்; பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அதட்டியதும் அவன் திகைத்துப் போய், "நன்னா, இது பிராங்க். அவளும் சிரிக்கணும்ல?" என்று கேட்டான்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளை பொல்லாதவன் அல்லன். தங்கை அழுவாள் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. அவன் பார்த்து வந்த படங்களில் வீட்டை இழந்தவன் சிறிது நேரம் கூச்சலிடுவான். பிறகு அவனும் சேர்ந்து சிரிப்பான். உலகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் எண்ணிவிட்டான். அந்தக் கைப்பேசியை அவன் கையில் கொடுத்தது யார்? நான்தான். நிம்மதியாகப் பத்திரிகை படிக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தேன். அவன் என்ன பார்க்கிறான் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரும்பிப் பார்ப்பவற்றை நானும் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், நம்மில் வயதானவர்கள் பலர் இவற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. 2011ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளிவந்தது. கட்டம் கட்டமான கற்களை வெட்டி, அடுக்கி, வீடும் கோட்டையும் தோட்டமும் கட்டுவது அதன் சாரம். பிள்ளைகள் பொறுமையும் கற்பனையும் பழகக்கூடிய விளையாட்டுத்தான் அது. ரோப்லாக்ஸ் என்பது 2006இலிருந்து இருந்து வருவது. அதனுள் பலர் செய்து வைத்த பற்பல விளையாட்டுகள் இருக்கின்றன. இவற்றை விளையாடுகிறவர்கள் தாங்கள் விளையாடுவதைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். அவற்றுள் ஒரு வகைதான் இந்த ஏமாற்று விளையாட்டு. நண்பன் கட்டிய வீட்டுக்குள் கோழிகளை நிரப்பி வைப்பார்கள். வாசலில் பள்ளம் தோண்டி மறைத்து வைப்பார்கள். வெடிமருந்து வைத்து வீட்டைத் தகர்ப்பார்கள். கொதிக்கும் எரிமலைக் குழம்பை ஊற்றுவார்கள். சேர்த்து வைத்த வைரங்களைத் திருடிவிட்டு அந்த இடத்தில் மண்ணை வைப்பார்கள்.

இதைக் கேட்டதும் நம்மவரில் ஒரு சாரார், "எல்லாம் ஷைத்தானின் வேலை; அடியோடு தடுத்துவிடுங்கள்" என்பார்கள். மற்றொரு சாரார், "பொம்மை வீடு இடிந்தால் என்ன? பிள்ளை சிரிக்கிறான், சிரித்துவிட்டுப் போகட்டும்" என்பார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பார்த்தால் இரண்டுக்கும் இடமில்லை என்பது விளங்கும்.

விளையாட்டையும் நகைச்சுவையையும் அண்ணலார் வெறுத்தவர்கள் அல்லர். அனஸ் (ரலி) அவர்களுடைய சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அக்குருவி இறந்து சிறுவர் வாடியிருந்தபோது, அவருடைய பெயரோடு எதுகையாக அமையும்படி குருவியைப் பற்றிக் கொஞ்சுமொழியில் விசாரித்தார்கள் நாயகம் அவர்கள். ஒரு சமூகத்தின் தலைவர், ஒரு சிறு பிள்ளையின் குருவிக்காக நின்று பேசினார்கள்!

ஒருவர் வந்து, ஏறிச் செல்ல ஒட்டகம் வேண்டும் என்று கேட்டார். ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன் என்றார்கள் நாயகம். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் கலங்கினார். எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று அண்ணலார் விளக்கினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள செய்தி இது. இங்கே வேடிக்கை இருக்கிறது, பொய் இல்லை. கேட்டவர் கலங்கியது ஒரு கணம். முடிவில் அவருக்குக் கிடைத்தது ஒட்டகம்.

இன்னொன்று, நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஸாஹிர் (ரலி) என்ற பாலைவனவாசி ஒருவர் இருந்தார். அவர் அழகில்லாதவர். ஆயினும் நாயகம் அவர்கள் அவரை மிகவும் நேசித்தார்கள். ஒருநாள் அவர் கடைத்தெருவில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, அண்ணலார் பின்புறமாக வந்து, தம்மைப் பார்க்க இயலாதபடி அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். யாரது, விடும் என்று அவர் திமிறினார். திரும்பி, யாரென்று அறிந்ததும் தம் முதுகை நாயகத்தின் மார்போடு இன்னும் நெருக்கிக் கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் உண்டா என்று நாயகம் அவர்கள் வேடிக்கையாகக் கூவினார்கள். என்னை விற்றால் விலை போகாதே என்றார் அவர். அல்லாஹ்விடத்தில் நீர் மதிப்பு மிக்கவர் என்று விடையளித்தார்கள் நபிகள்.

பாருங்கள்! பின்னால் வந்து பிடித்தது, யாரென்று தெரியாமல் திணற வைத்தது, கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க நடந்தது என்று, இக்காலத்துப் பிள்ளைகள் பிராங்க் என்று சொல்வதன் அங்கங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் முடிவு எங்கே கொண்டுபோய் விட்டது? தம்மை மதிப்பற்றவர் என்று எண்ணியிருந்த ஒரு மனிதரை, ஆண்டவனிடத்தில் விலை உயர்ந்தவர் என்று அறிய வைத்து முடிந்தது. வேடிக்கைக்கு ஆளானவர் அதனால் உயர்ந்தார். இதுவே நம் தராசின் ஒரு தட்டு.

மற்றொரு தட்டைப் பாருங்கள். தோழர்கள் நாயகத்துடன் ஒரு பயணத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அயர்ந்து தூங்கினார். வேறு சிலர் அவரிடமிருந்த கயிற்றை விளையாட்டாக எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டு விழித்துப் பயந்து போனார். ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமைத் திகிலடையச் செய்வது ஆகுமானதல்ல என்று நாயகம் அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு கயிறு, ஒரு நொடித் திடுக்கம், அவ்வளவுதான்! அதைக்கூட அண்ணலார் அற்பம் என்று விட்டுவிடவில்லை. சகோதரனுடைய பொருளை வேடிக்கையாகவும் எடுக்க வேண்டாம், உண்மையாகவும் எடுக்க வேண்டாம். ஒரு கைத்தடியை எடுத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே நூலில் உள்ள போதனை. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள்.

திருமறையில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், இழிபெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹுதஆலா விலக்கியிருக்கிறான். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்ற காரணத்தையும் அதிலேயே அறிவித்திருக்கிறான்.

ஆகவே, பிள்ளை பார்க்கும் ஒரு படத்தை மதிப்பிட ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று: முடிவில் இருவரும் சிரிக்கிறார்களா, அல்லது ஒருவர் மட்டும் சிரிக்கிறாரா?

இரண்டு: உடைத்ததைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கிறார்களா? எடுத்ததைத் திருப்பித் தருகிறார்களா?

மூன்று: பயமுறுத்துவதும் நம்பிக்கைத் துரோகமும்தான் அந்த வேடிக்கையின் உயிரா?

நான்கு: அழுகிறவனைப் பார்த்து ஏளனம் செய்கிறார்களா? வசைச் சொல், உருவக்கேலி, இழிபெயர் வருகின்றனவா?

ஐந்து: என் பிள்ளை நாளைக் காலையில் தன் தங்கையிடத்திலோ பள்ளித் தோழனிடத்திலோ இதை அப்படியே செய்தால் நான் சம்மதிப்பேனா?

கோழி நிரப்பிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் கதவைத் திறக்கிறான். கோழிகள் கூட்டமாக வெளியே பாய்கின்றன. இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு இருவருமாகக் கோழிகளுக்கு வேலி போடுகிறார்கள். இதில் பெரிய குற்றம் காண்பதற்கில்லை. வீட்டையே தகர்த்துவிட்டு, பறிகொடுத்தவன் கதறுவதைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடிந்தது பொம்மை வீடுதான்; ஆயினும் பிள்ளையின் உள்ளத்தில் பதிவது பொம்மையன்று. பிறர் கண்ணீர் ஒரு வேடிக்கைப் பொருள் என்பதே அங்கே பதிகிறது.

"பெரியவர்களும்தானே இவற்றைப் பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். வயது இங்கே முக்கியம். அந்தப் படங்களில் நடிப்பவர்கள் பலர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைக் கண்டுகொள்வான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடிப்பும் நடப்பும் ஒன்றாகவே தோன்றும். இருவரும் சம்மதித்துச் செய்கிறார்கள் என்ற நுட்பம் அவனுக்கு எட்டாது. செய்த செயல் மட்டும்தான் எட்டும். கண்டதைச் செய்து பார்ப்பதுதான் அந்த வயதின் கல்வி. நாம் தொழும்போது பக்கத்தில் நின்று நம்மைப் போலவே குனிந்து எழும் குழந்தை, திரையில் கண்டதையும் அப்படியேதான் செய்யும்.

அடுத்து, அடையாளச் சீட்டுகளை நம்பி ஏமாந்து விடாதீர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஐரோப்பிய மதிப்பீட்டில் 7 வயது என்றும், அமெரிக்க மதிப்பீட்டில் 10 வயதுக்கு மேல் என்றும் குறித்திருக்கிறார்கள். அந்த மதிப்பீடு விளையாட்டுக்கு உரியது. அதை விளையாடிக்கொண்டே ஒருவர் வாயில் வந்ததைப் பேசி ஏற்றும் படத்துக்கு உரியதன்று. யூடியூபில் 2020 சனவரி முதல், குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதா இல்லையா என்று படம் ஏற்றுபவரே குறிப்பிட வேண்டும். அக்குறிப்பு பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரிப்பது தொடர்பான சட்டத்துக்காக வந்தது. அது நல்லொழுக்கச் சான்றிதழ் அன்று. கடும் ஆபத்து நேர்ந்துவிட்டதாக ஒருவரை நம்ப வைக்கும் ஏமாற்று விளையாட்டுகளையும், குழந்தைகளின் மனத்தைக் கடுமையாகப் புண்படுத்துபவற்றையும் அனுமதிப்பதில்லை என்று அந்நிறுவனம் 2019 சனவரியில் தன் விதிகளைத் தெளிவுபடுத்தியது. அது தேவையான விதிதான். ஆனால் அது கொடுமையைத் தடுக்கும் வேலியே தவிர, பண்பை வளர்க்கும் பாடம் அன்று. பண்பு நம் வேலை.

அந்த வேலியும் எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லி அப்பால் செல்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தம்பதியர் தம் சொந்தப் பிள்ளைகளையே ஏமாற்றிப் படமெடுத்து யூடியூபில் காட்டி வந்தார்கள். மறைந்து போகும் மையைத் தரையில் கொட்டிவிட்டு, சிறுவன்தான் கொட்டினான் என்று அவன் அழும் வரை கூச்சலிட்டார்கள். பார்ப்பவர்கள் பெருகப் பெருக ஏமாற்றும் கடுமையாயிற்று. 2017இல் நீதிமன்றம் அவர்களைப் பிள்ளைகளைப் புறக்கணித்த குற்றவாளிகள் என்று கண்டு, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. பிராங்க் என்ற ஒரு சொல், பெற்ற மனத்தையே எவ்வளவு தூரம் மறக்கடித்துவிட்டது பாருங்கள்!

தொலைவில் உள்ளவர்களைச் சொல்லிவிட்டோம். இனி நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றைக் கற்பிப்பது கைப்பேசி மட்டும்தானா?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு வயதில் நடந்ததை அறிவிக்கிறார்கள். நாயகம் அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தபோது, தாயார் மகனை அழைத்து, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்றார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நாயகம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் கொடுக்க எண்ணினேன் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் அவர்கள் உணர்த்தினார்கள்.

என் பேரன், "மிட்டாய் தர்றேன்" என்று சொல்லித் தங்கையின் கண்ணை மூட வைத்தான் என்றேன் அல்லவா? அந்த வார்த்தையை அவன் திரையில் கற்றானா? இல்லை. மருந்து கொடுப்பதற்காக அவன் தாயும் நானும் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது. மிட்டாய் என்று வாயைத் திறக்க வைத்துக் கசப்பு மருந்தை ஊற்றியிருக்கிறோம். "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்" என்று பயமுறுத்தியிருக்கிறோம். அவன் அலறியதைக் கண்டு சுற்றியிருந்தவர்கள் சிரித்தும் இருக்கிறோம். பிள்ளையைத் தடுப்பதற்கு முன் நம் நாவைத் தடுக்க வேண்டியிருக்கிறது, சகோதரர்களே!

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை பார்க்கும் படத்தை முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும், "அந்த அண்ணனுக்கு மனது எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதிலிலேயே அவன் என்ன கற்றான் என்பது தெரிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கென 2015இல் தொடங்கப்பட்ட யூடியூப் கிட்ஸ் செயலியில், நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படி அமைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில், 18 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் தவிர நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும், 7 முதல் 12 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்றும் கூறப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு வேளையில் திரை வேண்டாம் என்பதும் அதில் உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கூடி உண்ணும் நமக்கு அது புதிய யோசனையன்று.

தடுக்க வேண்டியதைத் தடுக்கும்போது அதட்டித் தடுக்காதீர்கள்; மாற்று ஒன்றைக் கொடுத்துத் தடுங்கள். வேடிக்கை வேண்டுமென்றால், யாரும் அழாத வேடிக்கையை நாமே கற்றுக் கொடுக்கலாம். வாப்பாவின் செருப்புக்குள் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தை ஒளித்து வைத்து அவர் திகைப்பதைப் பார்க்கட்டும். அவரும் சிரிப்பார், பிள்ளையும் சிரிப்பான்.

நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழி. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரணைக்கு உரியவை என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நினைவூட்டுகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு இன்று கணக்கு இல்லை. அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டினோம் என்பதற்கு நமக்குக் கணக்கு உண்டு.

அன்று மாலை நான் பேரனை அடிக்கவில்லை. ஸாஹிர் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்த ஆள் கடைசியில் சந்தோஷப்பட்டாரா நன்னா?" என்றான். "ஆமாம்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிதறிக் கிடந்த கட்டைகளைப் பொறுக்கித் தங்கையின் முன்னால் கொண்டுபோய் வைத்தான். அவள் அவனை நம்பவில்லை; கட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். மிட்டாய் தருவதாக அவன் சொன்னால், இப்போதும் அவள் கண்ணை மூடுவதில்லை. உடைந்த வீட்டைக் கட்டிவிடலாம். உடைந்த நம்பிக்கையைக் கட்ட நாளாகும். அதை அவனும் கற்றுக்கொண்டிருக்கிறான், நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களையும் செவிகளையும் உள்ளங்களையும் பாதுகாத்தருள்வாயாக! பிறரை அழ வைக்காத சிரிப்பை எங்கள் வீடுகளில் நிரப்புவாயாக! பிள்ளைகளிடம் உண்மை பேசும் நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.